நெம்புகோல் ரைபிளில் தோட்டா சிக்குதல்

நெம்புகோல் ரைபிள் என்பது, விசைக்காப்பு வளையத்தோடு இணைந்த நெம்புகோலைக் கையால் கீழே தள்ளி மீண்டும் மேலே இழுப்பதன் மூலம் அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் நீள்குழல் துப்பாக்கி ஆகும். தோட்டா மேகசினிலிருந்து கிளம்பித் தோட்டா அறைக்குள் போய்ச் சேராமல் வழியில் நின்றுவிடுவதே இவ்வகை ரைபிளில் அதிகம் காணப்படும் கோளாறு. இதனைத் 'தோட்டா சிக்குதல்' என்பர். இக்கட்டுரை அதன் காரணங்களையும் சரிசெய்யும் முறைகளையும் விளக்குகிறது.

வரலாறு

1860ஆம் ஆண்டின் ஹென்றி ரைபிள் இவ்வகையில் முதலில் புகழ்பெற்றவற்றுள் ஒன்று. அதன் குழாயில் 16 தோட்டாக்களை இடலாம். அதன் வழியில் அமெரிக்காவின் வின்செஸ்டர் நிறுவனம் 1866, 1873ஆம் ஆண்டு மாதிரிகளை வெளியிட்டது. பின்னர் வந்த 1886, 1892, 1894, 1895 மாதிரிகளை வடிவமைத்தவர் ஜான் மோசஸ் பிரௌனிங்.

தமிழ்நாட்டுக் காடுகளோடு நெருங்கிய தொடர்புடையது 1895 மாதிரி. பெங்களூரில் வாழ்ந்த வேட்டைக்காரரும் எழுத்தாளருமான கென்னத் ஆண்டர்சன் (1910–1974) பயன்படுத்திய .405 வின்செஸ்டர் இம்மாதிரியே. திருவண்ணாமலையிலிருந்து மேற்கே செங்கம், ஊத்தங்கரை வழியாகக் கிருஷ்ணகிரியை அடைந்து, அங்கிருந்து தேன்கனிக்கோட்டைப் பக்கம் சென்றால் ஜவளகிரிக் காடு வரும். அங்கு மனிதரைக் கொன்று தின்ற புலியைப் பற்றிய கதை, 1954இல் வெளிவந்த ஆண்டர்சனின் முதல் நூலில் இடம்பெற்றுள்ளது. ஆட்கொல்லி விலங்கைத் தேடிச் செல்பவருக்கு முதல் குண்டு குறிதவறினால் இரண்டாவது குண்டே உயிர்க்காப்பு. ஆகவே தோட்டா தடையின்றி ஏறுவது அவருக்கு உயிர்ப் பிரச்சினை.

இயங்கும் முறை

நெம்புகோலைக் கீழே தள்ளும்போது போல்ட் என்னும் அடைப்புத்தண்டு பின்னோக்கி நகர்கிறது. அதன் முனையிலுள்ள இழுகொக்கி, சுட்டு முடிந்த வெற்றுக் கூட்டின் விளிம்பைப் பற்றி வெளியே இழுக்கிறது. நெம்புகோலை மேலே இழுக்கும்போது போல்ட் முன்னோக்கி வந்து, புதிய தோட்டாவைத் தோட்டா அறைக்குள் தள்ளிப் பூட்டிக்கொள்கிறது. புதிய தோட்டா போல்ட்டின் முன்னால் வந்து சேரும் விதம் மாதிரிக்கு மாதிரி மாறும்.

குழாய் மேகசின்: 1873, 1892, 1894 மாதிரிகளில் தோட்டாக்கள் குழலுக்குக் கீழுள்ள குழாயில் ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்திருக்கும். குழாயிலுள்ள சுருள்வில் அவற்றைப் பின்னோக்கித் தள்ளும். ஒரு தோட்டா தூக்குத் தட்டின் மேல் வந்ததும் தட்டு அதனை உயர்த்தும். அந்நேரத்தில் அடுத்த தோட்டா உள்ளே புகாமல் தடுக்கப்பட வேண்டும்.

பெட்டி மேகசின்: 1895 மாதிரியில் தோட்டாக்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்படுகின்றன. அடியிலுள்ள வில் அவற்றை மேலே தள்ளும். .405 தோட்டாவாயின் இதில் நான்கு கொள்ளும். குழாய் மேகசினில் ஒரு குண்டின் முனை முன்னுள்ள தோட்டாவின் தீமூட்டியைத் தொட்டுக்கொண்டிருக்கும். கூர்முனைக் குண்டாக இருந்தால் அதிர்ச்சியில் அது வெடிக்கக்கூடும். அதனால் அங்கே தட்டைமுனைக் குண்டுகளே வழக்கம். பெட்டி மேகசினில் அந்த ஆபத்து இல்லை.

சிக்குவதற்கான காரணங்கள்

1. அரைகுறை வீச்சு: நெம்புகோலை அதன் முழுத் தூரம் தள்ளாமல் பாதியில் திருப்புவது. வெற்றுக் கூடு வெளியே விழாது. அல்லது போல்ட் புதிய தோட்டாவின் பின்புறத்தைப் பிடிக்காமல் அதன் மேலேயே நகர்ந்துவிடும். அச்சத்திலும் அவசரத்திலும் இத்தவறு எளிதில் நேரும். இதில் ரைபிளின் குறை எதுவுமில்லை.

2. விளிம்புப் பூட்டு: .405 தோட்டாவின் அடியில் துருத்திய விளிம்பு உண்டு. பெட்டி மேகசினில் மேலுள்ள தோட்டாவின் விளிம்பு, கீழுள்ளதன் விளிம்புக்கு முன்னால் இருக்க வேண்டும். பின்னால் அமைந்துவிட்டால், போல்ட் மேல் தோட்டாவைத் தள்ளும்போது அது கீழ்த் தோட்டாவையும் இழுத்துக்கொண்டு போகப் பார்த்துச் சிக்கும். இந்தியக் காவல்துறையில் நெடுங்காலம் புழங்கிய .303 லீ-என்ஃபீல்டு ரைபிள் வேறு வகை இயக்கம் கொண்டது. ஆனாலும் அதன் தோட்டாவும் விளிம்புடையது என்பதால் இதே கவனம் அங்கும் தேவைப்பட்டது.

3. தோட்டாவின் நீளம்: குழாய் மேகசின் குறிப்பிட்ட நீளத்துக்கு அமைக்கப்பட்டது. தோட்டா மிக நீளமாக இருந்தால் தூக்குத் தட்டு உயராது. மிகக் குட்டையாக இருந்தால் அடுத்த தோட்டாவின் நுனி உள்ளே நுழைந்து தட்டைத் தடுக்கும்.

4. தேய்மானம்: பல்லாண்டுப் பயன்பாட்டில் தூக்குத் தட்டும், அதனை அசைக்கும் நெம்புகோல் பகுதியும் உரசித் தேயும். அப்போது தட்டு உரிய நேரத்தில் எழாமல், அடுத்த தோட்டா அதன் அடியில் நழுவி, நெம்புகோல் அசையாமல் நின்றுவிடும். இழுகொக்கியின் முனை உடைதல், சுருள்வில் தளர்தல், குழாயில் பள்ளம் விழுதல் ஆகியவையும் இவ்வகையே.

5. அழுக்கும் துருவும்: பழைய எண்ணெய் தூசியோடு சேர்ந்து பிசினாகும். மழைக்காலத்தில் தோட்டா அறை துருப்பிடித்தால் பித்தளைக் கூடு சொரசொரப்பில் ஒட்டிக்கொள்ளும். பழைய வகைத் தீமூட்டிகள் சுட்டபின் குழலில் உப்பை விட்டுச்சென்றன. அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துத் துருவை உண்டாக்கியது. உப்பு எண்ணெயில் கரையாது என்பதால், அக்காலத்தவர் முதலில் வெந்நீரால் குழலைக் கழுவி, உலர்த்தி, அதன்பின் எண்ணெயிட்டனர்.

கோளாறைக் கண்டறிதல்

முதல் விதி, நெம்புகோலை வலுவாக இழுக்கக் கூடாது என்பது. பள்ளிப் பாடத்தில் படிப்பதுபோல, நெம்புகோல் கையின் விசையைப் பெருக்கித் தரும். சிக்கிய நிலையில் அந்த விசை கூட்டை நசுக்கும், பாகங்களை வளைக்கும். தீமூட்டி எங்கேனும் அழுந்தினால், பூட்டப்படாத நிலையிலேயே தோட்டா வெடிக்கவும் கூடும். குழல்வாயை ஆளில்லாத் திசையில் வைத்து, விசையிலிருந்து விரலை எடுத்துவிட்டு, தோட்டாக்களை ஒவ்வொன்றாக வெளியேற்ற வேண்டும். தோட்டா அறையும் மேகசினும் காலியா என்பதைக் கண்ணாலும் விரலாலும் பார்க்க வேண்டும்.

அடுத்து, தோட்டா எந்த இடத்தில் நின்றது என்று பார்க்க வேண்டும். காரணம் பெரும்பாலும் அந்த இடத்திலிருந்தே தெரியும்.

- மேகசினைவிட்டு வெளியே வரவில்லை எனில்: வில், அழுக்கு, குழாய்ப் பள்ளம், விளிம்புப் பூட்டு.
- தூக்குத் தட்டில் நின்றது எனில்: தோட்டாவின் நீளம், தட்டின் தேய்மானம்.
- தோட்டா அறையின் வாயில் முட்டியது எனில்: குண்டின் முனை வடிவம், நசுங்கிய கூடு, அரைகுறை வீச்சு.
- வெற்றுக் கூடு வெளியே வரவில்லை எனில்: இழுகொக்கி, தோட்டா அறையின் துரு.

வெடிமருந்தும் தீமூட்டியும் இல்லாத போலித் தோட்டாக்களைக் கொண்டே இயக்கிப் பார்க்க வேண்டும். முதலில் மெதுவாக, பிறகு இயல்பான வேகத்தில், ஒவ்வொரு முறையும் முழு வீச்சாக இயக்க வேண்டும். மெதுவாக இயக்கும்போது மட்டும் சிக்கினால் தேய்மானத்தையும், ஒரே ஒரு தோட்டா மட்டும் திரும்பத் திரும்பச் சிக்கினால் அந்தத் தோட்டாவையும் முதலில் ஐயுற வேண்டும்.

சரிசெய்தல்

சுத்தம் செய்வதும், சரியான அளவுத் தோட்டாவைத் தேர்வதும், விளிம்புகளை முறையாக அடுக்குவதும், முழு வீச்சைப் பழகுவதும் உரிமையாளர் செய்யக்கூடியவை. எண்ணெயை மெல்லிய படலமாகவே இட வேண்டும். தோட்டா அறையில் எண்ணெய் தேங்கக் கூடாது. வில், இழுகொக்கி, தூக்குத் தட்டு ஆகியவற்றை மாற்றுவது துப்பாக்கித் தொழிலாளியின் வேலை. அரத்தால் ஓரிரு முறை அதிகமாகத் தேய்த்தாலே தட்டு பயனற்றுப் போகலாம்.

இந்தியாவில் இது சட்டம் சார்ந்த செய்தியும் ஆகும். ஆயுதச் சட்டம், 1959 இன்படி துப்பாக்கி வைத்திருக்க உரிமம் வேண்டும். துப்பாக்கிகளைப் பழுதுபார்க்கும் தொழிலுக்கும் தனி உரிமம் வேண்டும். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் ஒருவர் பொதுவாக இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்க இயலாது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972 வேட்டைக்குத் தடை விதித்தது. எனவே குடும்ப வழியில் கைக்கு வந்த பழைய ரைபிளில் தோட்டா சிக்கினால், அதனை வீட்டிலோ பட்டறையிலோ பிரிக்காமல், உரிமத்துடன் சேர்த்து உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடையில் ஒப்படைப்பதே முறை. தோட்டா எந்த இடத்தில் நின்றது, எத்தனையாவது தோட்டாவில் நின்றது என்ற இரண்டையும் குறித்துக்கொண்டு போனால் தொழிலாளியின் வேலை பாதியாகக் குறையும்.