வரத்தும் வடிகாலும்

பொதிகை மலையில் பிறந்து கடலை நோக்கி நடக்கும் தாமிரபரணி, வழியில் எட்டு அணைக்கட்டுகளால் தடுக்கப்பெற்றுக் கால்வாய்களாகப் பிரிகிறது. கன்னடியன் கால்வாயின் நீர் சேரன்மாதேவி வயல்களில் பாயும் காட்சி கண்ணுக்கு இனியது. ஆயினும், அங்குள்ள உழவர் நீர் வரும் மடையை மட்டும் காப்பதில்லை. மிகுந்த நீர் வெளியேறும் வடிகாலையும் அதே கருத்துடன் காப்பர். வரத்து இருந்தும் வடிகால் இல்லையேல் பயிர் அழுகும். வயலுக்குரிய இவ்வுண்மை எந்திரத்திற்கும் பொருந்தும். டர்போ என்னும் கருவியை எந்திரத்தில் பொருத்துவோர் கற்க வேண்டிய முதற்பாடமும் இதுவே.

டர்போ என்பது யாது? மணிமுத்தாற்றிலிருந்து மாஞ்சோலைக்கு ஏறும் மலைப்பாதையில் செல்லும் வண்டிக்கு ஆற்றல் மிகுதியாக வேண்டும். ஆற்றல் பெருக வேண்டுமாயின் டீசல் மிகுதியாக எரிய வேண்டும். அது எரிவதற்குக் காற்றும் மிகுதியாக வேண்டும். எந்திரம் தானே இழுத்துக்கொள்ளும் காற்றோ ஓரளவினதே. இக்குறையை நீக்குவது டர்போ. பாபநாசம் மின்நிலையத்தில் 1944 முதல் மலையினின்று இறங்கும் நீரின் விசை சுழலிகளைச் சுழற்றி வருகிறது. டர்போவில், நீருக்கு மாறாக, எந்திரத்தினின்று வெளியேறும் வெம்மையான புகை சிறு சுழலியைச் சுழற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையிலுள்ள சக்கரம் காற்றை அமுக்கி எந்திரத்தினுள் செலுத்துகிறது. வீணே போகும் புகை இவ்வாறு வேலையாளாகிறது. இவ்வமைப்பிற்கு 1905ஆம் ஆண்டில் காப்புரிமை கோரியவர் ஆல்பிரட் பியூக்கி என்னும் சுவிட்சர்லாந்துப் பொறியாளர். அது நடைமுறையில் வெற்றி பெற ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆயின.

டர்போவின் தண்டு நிமிடத்திற்கு ஓர் இலட்சம் முறைக்கு மேலும் சுழல வல்லது. அதன் ஒரு பக்கத்திலுள்ள புகை அறுநூறு பாகை செல்சியசுக்கு மேல் வெப்பமுடையது. இத்தகைய வேகத்தில் உலோகத்தோடு உலோகம் உராயுமாயின், தண்டு நொடிப்பொழுதில் தேய்ந்து கெடும். அவ்வாறு கெடாமல் காப்பது மயிரிழையினும் மெல்லிய எண்ணெய்ப் படலம். தண்டு அப்படலத்தின்மீது மிதந்தே சுழல்கிறது. எண்ணெய் உராய்வைத் தடுப்பதோடு வெப்பத்தையும் ஏந்திச் செல்கிறது.

இந்த எண்ணெய், எந்திரத்தின் பம்பினால் அழுத்தப்பட்டு, வடிகட்டியில் தூய்மை பெற்று, மெல்லிய குழாய் வழியாக டர்போவின் மேற்புறத்தில் நுழைகிறது. உள்ளே சென்றபின் அதன் அழுத்தம் தீர்ந்துவிடுகிறது. காற்றோடு கலந்து நுரையாகவும் மாறுகிறது. கிணற்று நீரைப் பம்பு மேலேற்றும். வாய்க்காலில் விழுந்த நீரோ சரிவு இருந்தால்தான் ஓடும். அதுபோலவே, டர்போவினின்று வெளிவரும் எண்ணெய் தன் எடையினாலேயே கீழிறங்க வேண்டும். ஆகவே, எண்ணெய் வரும் குழாய் சிறிதாகவும், திரும்பும் குழாய் அகன்றும், எங்கும் மேலெழும் வளைவின்றியும் அமைதல் வேண்டும். அக்குழாயின் வாய், அடித்தொட்டியில் நிற்கும் எண்ணெயின் மட்டத்திற்கு மேலே திறக்க வேண்டும்.

எந்திரத்தில் புதிய உறுப்பைச் சேர்ப்பது திருநெல்வேலிச் சீமையினர்க்குப் புதிதன்று. திருக்குறுங்குடியில் 1877இல் பிறந்து, மதுரையில் பேருந்துத் தொழிலை வளர்த்தவர் டி. வி. சுந்தரம் ஐயங்கார். இரண்டாம் உலகப்போரின்போது பெட்ரோல் அரிதாகவே, கரியிலிருந்து எரிவாயு உண்டாக்கும் கலன்களைச் செய்வித்து வண்டிகளை ஓடச் செய்தார். புதியதொன்று வரும்போது பழையவை அதற்கு இடம்விட வேண்டும் என்பது இத்தகைய வேலைகளுக்கெல்லாம் பொதுவிதி.

டர்போ இல்லாத எந்திரத்தில் அதனைப் புதிதாகப் பொருத்தும்போதும் அவ்வாறே. டர்போவைப் புகை வெளியேறும் வாயிலருகே வைத்தல் வேண்டும். அங்கே எண்ணெய் வடிகட்டி இருப்பின் அதனைப் பெயர்த்து வேறிடத்தில் அமைத்துக் குழாய்களால் இணைப்பர். மின்கலத்தையும் அகற்றி வைப்பர். டீசல் குழாய், பிரேக் குழாய் ஆகியவற்றை வெப்பம் தாக்காதவாறு விலக்குவர். விலக்க இயலாவிடில் இடையே தடுப்புத் தகடு வைப்பர். இடமின்மையால் டர்போவை எண்ணெய் மட்டத்திற்குக் கீழே வைக்க நேர்ந்தால், எண்ணெயைத் திருப்பி அனுப்பத் தனிப் பம்பு ஒன்று தேவைப்படும்.

வடிகால் அடைபட்டால் நேர்வது என்ன? தேங்கிய எண்ணெய் டர்போவின் இரு பக்கங்களிலும் கசியும். புகைப்பக்கம் கசிந்தால் நீலப்புகை எழும். காற்றுப்பக்கம் கசியும் எண்ணெய் எந்திரத்தினுள் புகுந்து எரியும். கசிவு மிகுமாயின், டீசலை நிறுத்திய பின்னும் எந்திரம் தன் எண்ணெயையே எரித்துக்கொண்டு கட்டுக்கடங்காமல் ஓடி, இறுதியில் உடைந்துபோகவும் கூடும். ஒரு குழாயின் சிறு வளைவினால் முழு எந்திரமும் அழிந்துபடும்.

ஓட்டுநர்க்கும் ஒரு கடமை உண்டு. மலையேறி வந்தவுடன் எந்திரத்தை நிறுத்தினால், எண்ணெயோட்டம் நின்று, உள்ளே தங்கிய எண்ணெய் வெப்பத்தால் கரியாக இறுகும். அறிந்த ஓட்டுநர் ஓரிரு நிமிடங்கள் எந்திரத்தை மெதுவாக ஓடவிட்டுப் பின்னரே நிறுத்துவார். அந்நேரத்தில் ஓடும் எண்ணெய் வெப்பத்தை ஏந்திச் சென்றுவிடும்.

ஆற்றலைப் பெருக்கும் சக்கரத்தையே பலரும் வியப்பர். நல்ல தொழிலாளியோ, யாரும் காணாத அடிப்புறத்தில் எண்ணெய் தடையின்றி இறங்குகிறதா என்று குனிந்து பார்ப்பான். மடையைத் திறந்தபின் வடிகாலையும் ஒருமுறை பார்த்துவரும் தாமிரபரணிக் கரை உழவனின் அறிவும் இதுவேயன்றோ?