ஐந்தருவி வைஃபை!

குத்தால சாரல் விட்டு விட்டு வந்தா சுகம். வீட்டு நெட் விட்டு விட்டு வந்தா? கிளைமாக்ஸில் ஹீரோ கையை ஓங்கும்போதுதான் அந்தப் பாழாப்போன வட்டம் சுத்த ஆரம்பிக்கும். உடனே நம்ம பசங்க செய்றது, 'அப்பா, பெரிய பிளானுக்கு மாத்துங்க'னு நச்சரிக்கிறது. மாசா மாசம் பணம் போறது அப்பாவுக்கு. ஆனா, பல வீடுகளில் கோளாறு பிளானில் இல்லை பாஸ்... ஹால் சுவரில்!

தென்காசிப் பக்கமெல்லாம் நெட் எப்படி நல்லா வரும்னு கேட்கிறீங்களா? 2011-லேயே ஸோஹோ இங்கே மத்தளம்பாறையில் ஆபீஸ் போட்டாச்சு. தமிழ்நாட்டின் 12,525 கிராம ஊராட்சிகளையும் ஃபைபரில் இணைக்க அரசுத் திட்டமே இருக்கு. 2004-ல் 256 கிலோபிட் வந்தாலே அதுக்குப் பேர் 'பிராட்பேண்ட்'. 2023-ல் அந்தக் குறைந்தபட்ச அளவு 2 மெகாபிட் ஆச்சு. ஃபைபர் வந்த வீட்டில் இது ஜுஜுபி. வீட்டுக்குள்ளே இருக்கிற கடைசி பத்து மீட்டர்தான் நம்ம பொறுப்பு.

எவ்வளவு வேணும்?

ஃபுல் ஹெச்.டி. படத்துக்கு நெட்ஃப்ளிக்ஸ் கேட்பது விநாடிக்கு 5 மெகாபிட். 4கே-வுக்கு 15. யூடியூப் 4கே-வுக்கு 20 சொல்லுது. ஸோ, 50 மெகாபிட் லைன் இருந்தும் படம் திக்குதுன்னா, அருவியில் தண்ணி இல்லாம இல்லை. வழியில் அடைப்பு!

அடைப்பு எங்கே?

ராத்திரி 9 மணிக்கு ரவுட்டரிலிருந்து லேப்டாப்புக்கு நேரா லேன் கேபிள் போட்டு ஸ்பீடு டெஸ்ட் பண்ணுங்க. அப்புறம் கேபிளைக் கழட்டிட்டு, படம் பார்க்கிற ரூமில் வைஃபையில் அதே டெஸ்ட். கேபிளிலேயே கம்மியா? ஸ்க்ரீன்ஷாட்டோடு கனெக்‌ஷன் கொடுத்தவங்ககிட்ட புகார் கொடுங்க. கேபிளில் முழுசா வந்து ரூமில் மட்டும் குறையுதா? பிளானை மாத்தினா காசுதான் வேஸ்ட்.

என்ன பண்ணலாம்?

ரவுட்டரை டி.வி.க்குப் பின்னாடி, இரும்பு பீரோ பக்கத்தில் ஒளிச்சு வைக்காதீங்க. வீட்டுக்கு நடுவில், உயரத்தில், திறந்த இடத்தில் இருக்கட்டும்.

ரவுட்டரில் 2.4, 5-னு ரெண்டு பேண்ட் இருக்கும். 2.4 சுவரைத் தாண்டி தூரம் போகும். ஆனா பக்கத்து வீட்டு வைஃபை, ப்ளூடூத், மைக்ரோவேவ் எல்லாம் அதே ரோட்டில்தான். அதில் ஒண்ணோடொண்ணு மோதாத சேனல்கள் 1, 6, 11 மூணுதான். 5 செம வேகம், ஆனா கனமான சுவரைக் கண்டா சுருண்டுடும். டி.வி.யும் ரவுட்டரும் ஒரே ரூமா? கண்ணை மூடிட்டு 5 போடுங்க. வேற வேற ரூமா? டி.வி.க்கு லேன் கேபிளே இழுத்துடுங்க. பல டி.வி.களின் லேன் போர்ட் 100 மெகாபிட்தான், ஆனா 4கே-வுக்கு அதுவே தாராளம். ரிப்பீட்டர் வாங்கும்போது உஷார்! ஒரே பேண்டில் வாங்கி அதிலேயே அனுப்பும் ரகம் வேகத்தைப் பாதியாக்கிடும்.

அடுத்து ஐந்தருவி மேட்டர். வர்றது ஒரே தண்ணி, விழறது அஞ்சு கிளை. தங்கச்சி போன் போட்டோ பேக்கப், அண்ணன் கேம் அப்டேட், ரெண்டும் ஓடும்போது நீங்க 4கே போட்டா? அந்த வேலைகளைத் தூங்குற நேரத்துக்குத் தள்ளுங்க.

சாரல் சீசன் பயமா? ஃபைபரில் போறது வெளிச்சம். கேபிள் அறுந்தாலொழிய, தூறலுக்கு அசையாது. பழைய செம்புக் கம்பி லைனில்தான் ஜாயின்ட்டில் ஈரம் இறங்கி கரகரக்கும். கரன்ட் போனா ரவுட்டர் படுத்துடுமே? குட்டி யு.பி.எஸ். ஒண்ணு மாட்டினா படம் ஓடும், என்பிடெல் பாடமும் ஓடும்!

அப்பாகிட்ட மிச்சம் பிடிச்சுக் கொடுத்த காசில் பிரானூர் பார்டர் பரோட்டா கேட்டுப் பாருங்க. கண்டிப்பா ஓகே சொல்வார்!