வெளிநாட்டு நண்பர்களுடன் ஹைதராபாத்தில் தொழில்: பத்திரம் எழுதும் முன் கேட்க வேண்டிய கேள்விகள்

உங்களுக்கு ஹைடெக் சிட்டியில் வேலை என்று வைத்துக்கொள்வோம். கல்லூரி நண்பர் ஒருவர் டாலஸில் இருக்கிறார், இப்போது அமெரிக்கக் குடிமகன். இன்னொருவர் கொழும்பில் வசிக்கும் இலங்கைக் குடிமகன். மூவரும் சேர்ந்து ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனி தொடங்க ஆசை. "முதல்ல ஒரு பார்ட்னர்ஷிப் பத்திரம் எழுதிடலாம், பணத்தை உன் அக்கவுண்ட்டுக்கே போட்டுடறோம்" என்கிறார்கள்.

அங்கேயே நிறுத்துங்கள். சிக்கல் ஆரம்பிப்பது இந்த இடத்தில்தான்.

பார்ட்னர்ஷிப்பில் என்ன பிரச்சினை?

வெளிநாட்டில் வசிப்பவரின் முதலீட்டை 1999-இன் ஃபெமா சட்டமும், அதன் கீழ் 2019-இல் வந்த விதிகளும் கட்டுப்படுத்துகின்றன. அவற்றின்படி, கொழும்பு நண்பர் ரிசர்வ் வங்கியின் முன் அனுமதி இல்லாமல் சாதாரண பார்ட்னர்ஷிப்பில் பணம் போட முடியாது.

டாலஸ் நண்பரிடம் ஓசிஐ அட்டை இருந்தால் கதை வேறு. முதலைத் தாராளமாக வெளிநாட்டுக்குத் திருப்பி எடுத்துச் செல்ல மாட்டேன் என்ற அடிப்படையில் அவர் முதலீடு செய்யலாம். அது உள்நாட்டு முதலீடாகவே கருதப்படும். பின்னாளில் பங்கை விற்றால், பணம் அவருடைய என்ஆர்ஓ கணக்குக்கு வரும். அங்கிருந்து ஒரு நிதியாண்டில் 10 லட்சம் டாலர் வரைதான் வெளியே அனுப்பலாம்.

அப்படியானால் எது சரி?

மூவருக்கும் பொதுவான வழி பிரைவேட் லிமிடெட் அல்லது எல்எல்பி. பிரைவேட் லிமிடெட்டில் ஒரு இயக்குநராவது நிதியாண்டில் 182 நாட்கள் இந்தியாவில் இருக்க வேண்டும். எல்எல்பியில் பொறுப்புள்ள பார்ட்னர்களில் ஒருவருக்கு இது 120 நாட்கள். அந்த ஆள் நீங்கள்தான்.

என்ன தொழில் என்பதும் முக்கியம். சாஃப்ட்வேரில் அரசு அனுமதி கேட்காமலேயே 100% அந்நிய முதலீடு வரலாம். அதே நண்பர்களுடன் குகட்பள்ளியில் பல பிராண்டு பொருட்கள் விற்கும் கடை போட நினைத்தால்? உச்சவரம்பு 51%, அரசு அனுமதி கட்டாயம், குறைந்தபட்ச அந்நிய முதலீடு 10 கோடி டாலர். சின்னக் கடைக்கு அந்தக் கதவு மூடியே இருக்கிறது.

எந்த நாடு என்பதும் கணக்கில் வருமா?

வரும். நிலவழியாக இந்தியாவுடன் எல்லையைப் பகிரும் நாடுகளிலிருந்து வரும் முதலீட்டுக்கு, 2020 ஏப்ரலில் வந்த பிரஸ் நோட் 3 மத்திய அரசின் முன் அனுமதியைக் கட்டாயமாக்கியது. சீனா, வங்கதேசம், நேபாளம் எல்லாம் இதில் அடக்கம். இலங்கைக்கும் நமக்கும் நடுவில் கடல். அதனால் கொழும்பு நண்பருக்கு இந்தத் தடை இல்லை.

பணம் எப்படி வர வேண்டும்?

உங்கள் சேமிப்புக் கணக்குக்கு வேண்டவே வேண்டாம். கொழும்பு நண்பரின் வங்கியிலிருந்து நேராகக் கம்பெனி கணக்குக்கு வர வேண்டும். பிரைவேட் லிமிடெட் என்றால், பணம் வந்த 60 நாட்களுக்குள் பங்கு ஒதுக்க வேண்டும். ஒதுக்கிய 30 நாட்களுக்குள் ரிசர்வ் வங்கியின் ஃபர்ம்ஸ் தளத்தில் எஃப்சி-ஜிபிஆர் படிவம் தாக்கல் செய்ய வேண்டும். தாமதித்தால் கட்டணம். விதிமீறல் நிரூபணமானால், அந்தத் தொகையைப் போல மூன்று மடங்கு வரை அபராதம் போகலாம். நண்பர் போட்டது 20 லட்சம் என்றால், அபராதம் 60 லட்சம் வரை!

இன்னொன்று: ஓசிஐ இல்லாத நண்பர் டூரிஸ்ட் விசாவில் வந்து கம்பெனியை நடத்த முடியாது. பிசினஸ் விசா வேண்டும்.

இன்றே என்ன செய்யலாம்?

ஆடிட்டரைப் பார்க்கும் முன் ஒவ்வொரு நண்பரிடமும் மூன்று கேள்விகளைக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். எந்த நாட்டில் வசிக்கிறீர்கள்? ஓசிஐ அட்டை இருக்கிறதா? போட்ட முதலை ஒருநாள் வெளிநாட்டுக்குத் திருப்பி எடுக்க வேண்டுமா? மூன்றாவது கேள்வியை நண்பர்களிடம் கேட்கச் சங்கடமாகத்தான் இருக்கும். ஆனால் பின்னாளில் சண்டை வருவதும் பெரும்பாலும் அதில்தான். இப்போதே கேட்டுவிடுங்கள்.