லோடு வண்டி வாங்கப் போறீங்களா? டீசலா, பெட்ரோலா: கணக்குப் போட்டுப் பாருங்க!

திருமங்கலம், கள்ளிக்குடி, உசிலம்பட்டி பகுதியில் விளையும் மல்லிகையையும் காய்கறியையும் மாட்டுத்தாவணி, பரவை சந்தைகளுக்குக் கொண்டு சேர்ப்பதில் சிறிய லோடு வண்டிகளுக்குப் பெரும் பங்கு உண்டு. வாடகை கட்டுப்படியாகாமல் சொந்த வண்டி வாங்க நினைப்பவர்கள் தடுமாறும் இடம், டீசலா பெட்ரோலா என்பதுதான். 'லோடு வண்டி என்றால் டீசல்' என்ற பழைய பதில் இப்போது எல்லோருக்கும் பொருந்தாது.

ஒரு காலத்தில் அது சரியான பதில்தான். 2012 மே மாதம் டெல்லியில் பெட்ரோல் 73 ரூபாயைத் தாண்டியபோது டீசல் 41 ரூபாய்க்குள் கிடைத்தது. 2014 அக்டோபரில் டீசல் மீதான விலைக் கட்டுப்பாடு நீங்கியது. 2021 ஆகஸ்டில் தமிழக அரசு பெட்ரோல் வரியில் 3 ரூபாய் குறைத்தது. அண்மை ஆண்டுகளில் இரண்டுக்கும் வித்தியாசம் 8, 9 ரூபாய்தான். 2020 ஏப்ரல் முதல் பி.எஸ்.6 விதி வந்ததும் டீசல் இன்ஜினில் கூடுதல் கருவிகள் சேர்ந்து வண்டி விலையும் ஏறியது. 2016-ல் டீசலில் அறிமுகமான மாருதி சூப்பர் கேரி இப்போது பெட்ரோல், சி.என்.ஜி.யில் மட்டுமே வருகிறது. 2005-ல் 16 குதிரைத்திறன் டீசல் இன்ஜினுடன் வந்த டாடா ஏஸ், அதாவது நம்மூர் 'குட்டியானை', பெட்ரோலிலும் கிடைக்கிறது.

பணக் கணக்கைப் பார்ப்போம். மாதிரிக்கு, டீசல் வண்டி லிட்டருக்கு 20 கி.மீ., பெட்ரோல் வண்டி 15 கி.மீ. ஓடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். டீசல் 92 ரூபாய், பெட்ரோல் 101 ரூபாய் என்றால் கிலோமீட்டருக்கு டீசலில் 4.60 ரூபாய், பெட்ரோலில் 6.73 ரூபாய் ஆகும். மிச்சம் 2.13 ரூபாய். டீசல் வண்டிக்கு 60 ஆயிரம் ரூபாய் கூடுதலாகக் கொடுத்திருந்தால், அதை மீட்க சுமார் 28 ஆயிரம் கி.மீ. ஓட்ட வேண்டும்.

கப்பலூரில் பிரியும் சுற்றுச்சாலை உத்தங்குடி வரை சுமார் 27 கி.மீ. அந்த வழியில் தினமும் சந்தைக்குப் போய்த் திரும்பினால் 60 கி.மீ. ஆகிவிடும். வருடத்தில் 300 நாள் ஓடினால் 18 ஆயிரம் கி.மீ.; ஒன்றரை வருடத்தைத் தாண்டியதும் டீசல் லாபம் காட்டத் தொடங்கும். உரமூட்டை, தீவனம், பால் கேன் என்று ஊருக்குள்ளேயே தினம் 25 கி.மீ. ஓடும் வண்டிக்கோ நான்கு வருடம் பிடிக்கும். கடன் வட்டியையும் சேர்த்தால் இன்னும் தள்ளிப்போகும். மைலேஜ், ஷோரூம் விலை, பங்க் விலை மூன்றையும் மாற்றிப்போட்டு உங்கள் கணக்கை நீங்களே பாருங்கள். (சுங்கச்சாவடிக் கட்டணத்தில் மட்டும் டீசல், பெட்ரோல் பேதம் கிடையாது!)

அடுத்தது சுமை. ஒரு டன்னுக்கு மேல் நெல் மூட்டையோ வாழைத்தாரோ அடிக்கடி ஏற்றுபவர்கள் யோசிக்கவே வேண்டாம், டீசல்தான். குதிரைத்திறன் குறைவாக இருந்தாலும் குறைந்த வேகத்திலேயே அதற்கு இழுவை கிடைக்கும். மழை பெய்த கரிசல் பாதையில் முதல் கியரில் ஊர்ந்து வெளியே வரும்போது அதன் அருமை தெரியும். முக்கால் டன்னுக்குள் ஏற்றி, தார்ச்சாலையிலேயே ஓடுபவர்களுக்குப் பெட்ரோல் போதும். சி.என்.ஜி. வண்டியில் சிலிண்டரின் எடையால் ஏற்றும் சுமை குறையும். பக்கத்தில் பங்க் இருந்தால் மட்டும் அதை யோசிக்கலாம்.

பலர் கேட்காமல் விடும் விஷயம் ஒன்று உண்டு. பி.எஸ்.6 டீசல் வண்டிகள் பலவற்றில் புகைக் குழாயில் கரித்துகள் வடிகட்டி இருக்கிறது. அதில் சேரும் கரி, வண்டி சீரான வேகத்தில் தொடர்ந்து ஓடி, புகை நன்றாகச் சூடேறினால்தான் எரிந்து சுத்தமாகும். இரண்டு கி.மீ. ஓட்டி நிறுத்துவது, இன்ஜினை அணைக்காமல் நிறுத்தி லோடு ஏற்றுவது என்றே பழகினால் வடிகட்டி அடைத்துக்கொண்டு எச்சரிக்கை விளக்கு எரியும். நான்கு வழிச்சாலையில் அடிக்கடி போகும் வண்டிக்கு இந்தத் தொல்லை குறைவு. வயலுக்கும் வீட்டுக்கும் மட்டுமே போகும் வண்டி என்றால், இது ஒன்றே பெட்ரோல் பக்கம் சாயப் போதுமான காரணம்.

டிராக்டரும் டீசல் பம்ப்செட்டும் வைத்திருப்பவர்களுக்கு ஒரே எரிபொருள் என்பது வசதி. அவர்கள் பெட்ரோல் வண்டி வாங்கினால் டிராக்டர் கேனில் இருக்கும் டீசலை அவசரத்தில் அதில் ஊற்றிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மாற்றி ஊற்றிவிட்டால் சாவியைத் திருகவே கூடாது. மெக்கானிக்கை வரவழைத்து டேங்கை முழுவதும் வடித்துவிட்டுத்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும்.