சர்க்கரைக் குன்றில் ஒரு காலை விருந்து

அமெரிக்காவின் வடகிழக்கே, நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்து வெண்மலைகளின் அருகே, 'சுகர் ஹில்' என்றொரு சிற்றூர் உண்டு. தமிழில் சொன்னால் சர்க்கரைக் குன்று. கரும்பு விளையாத குளிர்நாட்டில் இப்பெயர் எங்ஙனம் வந்தது என வாசக அன்பர்கள் வியக்கலாம். அங்குச் செழித்து நிற்கும் மேப்பிள் மரங்களே அதற்குக் காரணம்.

அப்பகுதிப் பங்குகளில் மறைபரப்புப் பணி குறித்துப் பேசச் சென்றிருந்த யாம், ஒரு சனிக்கிழமை காலை, எமக்குத் தம் இல்லத்தில் இடமளித்த முதியவரின் காரில் அவ்வூரை அடைந்தோம். "பாலியின் பான்கேக் உண்ணாமல் ஊர் திரும்புவதாவது, ஃபாதர்!" என்று அவர் முதல் நாளே தீர்ப்புக் கூறிவிட்டார்.

'பாலிஸ் பான்கேக் பார்லர்' எனும் அவ்வுணவு விடுதி தோன்றியது 1938இல். பொருளாதார வீழ்ச்சி அந்நாட்டை வாட்டிய காலம் அது. பண்ணை நடத்திய வில்பிரட் டெக்ஸ்டர் என்பவரும் அவர்தம் மனைவி பாலியும், தங்கள் மேப்பிள் பாகின் அருமையை மக்கள் அறிய வேண்டுமென்று, 1830இல் எழுந்த பழைய வண்டிக் கொட்டகையொன்றில் மேசைகளை இட்டனர். 50 சென்ட் கொடுத்தால் போதும் போதும் என்னுமட்டும் உண்ணலாம். ஆக, பாகுக்காகப் பிறந்ததே பான்கேக். பான்கேக்குக்காகப் பாகு அன்று! பின்னர் மகளும் மருமகனும், அவர்களுக்குப் பின் பேத்தியின் குடும்பமும் அடுப்பை அணையாது காத்தனர். 2015இல் பழைய கொட்டகை போய்ப் புதிய கட்டடம் எழுந்தது. அடுப்பின் மணம் மட்டும் மாறவில்லை என்றார் முதியவர்.

தவக்காலத்துக்கு முந்திய செவ்வாயன்று, வீட்டிலுள்ள முட்டையையும் பாலையும் வெண்ணெயையும் தீர்த்துவிட இங்கிலாந்துக் கிறிஸ்தவர்கள் பான்கேக் சுட்ட வழக்கம் நம்மிற் பலர் அறிந்ததே. இங்கோ அது நாடோறும் நடைபெறுகிறது. மக்காச்சோள மாவு, முழுக்கோதுமை, ஓட்ஸ் என மாவிலேயே பலவகை. உள்ளங்கையளவான அப்பங்கள் ஆறு. ஆயினும் முதலில் மூன்றே வரும். அவற்றை உண்டு முடித்தபின் மற்ற மூன்றும் சுடச்சுட வந்து சேரும். ஆறிய அப்பத்தை விருந்தினர் முன் வைக்கலாகாது என்னும் அக்கறை எமக்கு மிகவும் பிடித்தது.

பாகின் கதையை முதியவரே சொன்னார். அவரும் ஒரு காலத்தில் மனைவியுடன் பாகு காய்ச்சியவர். குளிர்காலம் முடியும் தறுவாயில், இரவில் உறைபனியும் பகலில் இளவெயிலும் மாறி மாறி வரும் சில வாரங்களில்தான் மரம் சாறு தரும். தண்ணீர் போன்ற அச்சாறு ஏறத்தாழ நாற்பது லிட்டர் வற்றினால் ஒரு லிட்டர் பாகு. பதநீர் காய்ச்சிக் கருப்பட்டி எடுப்போர் இவ்வுழைப்பை எளிதில் உணர்வர். கன்று நட்டவர் சாறு காண முப்பது, நாற்பது ஆண்டுகள் காத்திருக்க வேண்டும்.

"இப்போதெல்லாம் குளிரை நம்ப முடிவதில்லை, ஃபாதர். பனி முன்போல் பெய்வதில்லை, சாறு இறங்கும் நாளும் தடுமாறுகிறது" என்றவர், சன்னலுக்கு வெளியே மலையை நோக்கிச் சற்று மௌனமானார். மனைவி இறந்து ஆறு ஆண்டுகள் ஆயினவாம். இருவரும் ஆண்டுதோறும் அமர்ந்தது அச்சன்னலோரத்தில்தான்.

"இனி மரம் நடுவோர் உண்டோ?" என வினவினோம்.

சென்ற இலையுதிர் காலத்தில் தம் நிலத்தில் பன்னிரண்டு மேப்பிள் கன்றுகள் நட்டதாகக் கூறினார். அவருக்கு வயது எண்பத்தொன்று.

அவ்வேளையில் அடுத்த மூன்று அப்பங்கள் வந்தன. அவற்றையும் யாம் மிச்சமின்றி முடித்தோம் என்பதை எம் மருத்துவர் அறிய வேண்டா. முதியவர் பாகுக் குவளையை முதலில் எம் பக்கம் நகர்த்தினார்.