அண்ணப் பிளவு ஆபரேஷன்: கத்தி வைக்கும் முன்பே ஊசி போடுவது ஏன்?

"புள்ளைக்கு காய்ச்சல் இல்ல, சீழ் இல்ல. அப்புறம் எதுக்கு ஆன்டிபயாடிக் ஊசி?" அண்ணப் பிளவோடு பிறந்த குழந்தையை ஆபரேஷனுக்கு சேர்க்கும் பெற்றோர் பலருக்கும் வரும் சந்தேகம் இது.

உலகில் சுமார் 700 குழந்தைகளில் ஒன்று உதட்டுப் பிளவோடோ, அண்ணப் பிளவோடோ பிறக்கிறது. பெரும்பாலும் உதட்டை 3 முதல் 6 மாதத்திலும், அண்ணத்தை 9 மாதம் முதல் ஒன்றரை வயதுக்குள்ளும் தைத்து சரி செய்கிறார்கள்.

வாயில்தான் சிக்கல்

கையில், காலில் ஆபரேஷன் என்றால் துணி வைத்து கட்டு போட்டு விடலாம். வாய்க்குள் அது முடியாது. பாலும் எச்சிலும் தையல் மேலேயே ஓடும். வாயிலும் மூக்கிலும் கிருமிகள் எப்போதும் குடியிருக்கின்றன. அவை தையலில் புகுந்தால், தையல் பிரிந்து அண்ணத்தில் ஓட்டை விழலாம். குடித்த பால் மூக்கு வழியே வரும். பேச்சு தெளிவாக இருக்காது. மறுபடியும் ஆபரேஷன் மேஜைதான்.

இதைத் தடுக்கவே, கத்தி வைப்பதற்கு முந்தைய ஒரு மணி நேரத்துக்குள் நரம்பு வழியாக ஊசி போடுகிறார்கள். முதல் வெட்டு விழும்போதே மருந்து ரத்தத்தில் தயாராக இருக்க வேண்டும் என்பதுதான் கணக்கு. உதட்டுப் பிளவு மட்டும் என்றால் ஆபத்து குறைவு. சில டாக்டர்கள் ஊசியே போடுவதில்லை.

வீட்டுக்குப் போன பிறகு?

இங்குதான் டாக்டர்களிடையே கருத்து வேறுபாடு. ஆபரேஷன் முடிந்த பிறகு, தடுப்புக்காக மட்டும் ஆன்டிபயாடிக்கை நீட்டிக்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2016-ல் பொதுவாக எல்லா ஆபரேஷன்களுக்கும் அறிவுறுத்தியது.

ஆனால் அண்ணத்துக்கு மட்டும் இன்னும் பட்டிமன்றம் ஓய்ந்தபாடில்லை. அசாம் மாநிலம் கவுகாத்தியில் 500-க்கும் மேற்பட்டவர்களிடம் ஒரு ஆய்வு நடந்தது. ஆபரேஷனுக்குப் பிறகு ஒரு பிரிவினருக்கு 5 நாள் அமாக்சிசிலின், இன்னொரு பிரிவினருக்கு மருந்தில்லாத டம்மி. 2015-ல் முடிவு வெளியானது. மருந்து சாப்பிட்டவர்களிடம் ஓட்டை விழுந்தது குறைவு. ஆனாலும் அடித்துச் சொல்லும் அளவுக்கு வித்தியாசம் இல்லை.

அதனால் ஒரு ஆஸ்பத்திரியில் 5 நாள் எழுதிக் கொடுப்பார்கள், இன்னொன்றில் எதுவும் தர மாட்டார்கள். இரண்டையும் பார்த்து பயப்பட வேண்டாம். ஓட்டை விழ கிருமி மட்டுமே காரணமும் அல்ல. பிளவு அகலமாக இருந்து, சதையை இழுத்து தைத்தாலும் பிரியலாம்.

பெற்றோர் கவனத்துக்கு

* பென்சிலின் மாதிரி மருந்து குழந்தைக்கு ஏற்கனவே ஒத்துக்கொள்ளாமல் போயிருந்தால் முதலிலேயே டாக்டரிடம் சொல்லி விடுங்கள். சளி, காய்ச்சலையும் மறைக்கக் கூடாது.

* மருந்து அளவு குழந்தையின் எடையைப் பொறுத்தது. அண்ணன், அக்காவுக்கு வாங்கியதில் மிச்சமிருக்கும் சிரப்பை ஊற்றாதீர்கள்.

* எழுதிக் கொடுத்த நாளுக்கு முன்பு நிறுத்தவும் வேண்டாம், மெடிக்கல் கடையில் தானாக வாங்கி நீட்டிக்கவும் வேண்டாம். தேவையில்லாமல் கொடுத்தால் வயிற்றுப்போக்கு வரும். நாளைக்கு நிஜமாகவே தேவைப்படும்போது மருந்து வேலை செய்யாமல் போகலாம்.

* காய்ச்சல், ரத்தக் கசிவு, வாயில் கெட்ட நாற்றம் இருந்தாலோ, குழந்தை பால் குடிக்க மறுத்தாலோ, ஆபரேஷன் செய்த ஆஸ்பத்திரிக்கே உடனே தூக்கிக்கொண்டு ஓடுங்கள். "நாளைக்கு பாத்துக்கலாம்" என்று மட்டும் இருந்து விடாதீர்கள்.