கிட்டார் வடிவ விளையாட்டுக் கருவி பழுதானால்...

வளைகுடா நாடுகளிலிருந்து விடுமுறையில் ஊர் திரும்பும் சகோதரர்களின் பெட்டிகளில் ஒரு காலத்தில் டேப் ரிக்கார்டர் தவறாமல் இருக்கும். இப்போது பிள்ளைகளுக்கான வீடியோ விளையாட்டுச் சாதனங்கள் அந்த இடத்தைப் பிடித்துள்ளன. அவற்றுள் ஒன்று, கிட்டார் வடிவத்தில் அமைந்த கருவி.

2005ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளியான ‘கிட்டார் ஹீரோ’ என்னும் விளையாட்டு இதனை உலகெங்கும் பரப்பியது. ஜப்பானின் கொனாமி நிறுவனம் 1999இலேயே இத்தகைய விளையாட்டை அமைத்திருந்தது. 2011 பிப்ரவரியில் ஆக்டிவிஷன் நிறுவனம் கிட்டார் ஹீரோ பிரிவையே கலைத்துவிட்டது. 2015இல் புதிய வடிவில் ஒன்று வந்து, அதுவும் நிலைக்கவில்லை. ஆகவே நம் கைக்குக் கிடைப்பவை பெரும்பாலும் பிறர் பயன்படுத்திய பழைய கருவிகளே. பழுதானால் உதிரிபாகம் கேட்டு எங்கும் செல்ல இயலாது.

இதற்குத் தந்தி கிடையாது. தானாக ஒலி எழுப்பாது. கழுத்தில் பச்சை, சிவப்பு, மஞ்சள், நீலம், ஆரஞ்சு என ஐந்து பொத்தான்கள், உடலில் மேலும் கீழும் அசையும் ஒரு பட்டை ஆகியவையே முக்கியமானவை. ஆனால் திரையில் ஒலிப்பவை பாடல்கள். இசை குறித்து மார்க்க அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு இருப்பதை வாசகர்கள் அறிவர். இதை வீட்டில் வைத்துக்கொள்வதா என்பதைப் பெற்றோர் முடிவு செய்யட்டும். பணம் கொடுத்து வாங்கிய பொருளைப் பழுதென்று குப்பையில் எறிவது வீண்விரயம் என்பதில் இரு கருத்து இல்லை.

சின்னமனூரில் நாம் அறிந்த ஓர் இல்லம். அத்தா ஷார்ஜாவில் பணிபுரிகிறார். அவர் வாங்கியனுப்பிய கிட்டாரில் மூன்றாம் வாரமே ஐந்து பொத்தான்களும் செயலற்றுப் போயின. வெள்ளிக்கிழமைதோறும் ஜும்ஆவுக்குப் பின் தொலைபேசியில், “நல்லா விளையாடுறியா?” என்று அவர் கேட்பார். “ஆமா அத்தா” என்பான் பிள்ளை. தாயார் அதைக் கேட்டும் வாய் திறக்கவில்லை. கணவர் மனம் வருந்துவாரே என்ற தயக்கம். இப்படியே இரண்டு மாதங்கள் கழிந்தன. உத்தமபாளையத்திலிருந்து வந்த மாமுதான் அதைக் கையிலெடுத்துக் கழுத்தைக் கழற்றிப் பார்த்தார்.

கழுத்தைத் தனியே கழற்றக்கூடிய மாதிரிகளில் கோளாறு பெரும்பாலும் அந்த மூட்டில்தான் இருக்கும். கழுத்தின் அடியிலுள்ள உலோகத் தகடுகளும் உடலிலுள்ள வில் ஊசிகளும் ஒன்றையொன்று தொட்டால்தான் பொத்தானின் செய்தி உள்ளே செல்லும். தூசியும் கைவியர்வையும் படிந்தாலோ, மூட்டு தளர்ந்தாலோ தொடர்பு அறுந்துவிடும். மாமு முதலில் பேட்டரியை எடுத்தார். பென்சில் அழிக்கும் ரப்பரால் தகடுகளை மெல்லத் தேய்த்தார். செல்போன் பழுதுபார்க்கும் கடையில் கிடைக்கும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சில் தொட்டுத் துடைத்து உலரவிட்டார். கழுத்து ஆடாதிருக்க, தகடுகளைத் தொடாதவாறு மூட்டின் ஓரத்தில் மடித்த அட்டைத் துண்டு ஒன்றைச் செருகினார். அரை மணி நேர வேலை. அதன்பின் ஐந்து பொத்தான்களும் இயங்கின.

அடுத்த வெள்ளியன்று பிள்ளை முதலில் சொன்னது, இத்தனை நாள் அது ஓடவில்லை என்பதைத்தான். அத்தா சற்று மௌனமாக இருந்துவிட்டு, “மாமு எப்படிச் சரி பண்ணாரு, சொல்லு” என்று கேட்டாராம்.

துடைத்தும் தொடர்பு நிலைக்காவிடில், மூட்டின் இருபுறத்தையும் கம்பிகளால் இணைத்துப் பற்றவைத்துவிடலாம். பிறகு கழுத்தைக் கழற்ற முடியாது, பெட்டிக்குள் அடங்காது. பற்றவைக்கும் வேலையைச் சிறுவர்களிடம் விடலாகாது.

ஒரே ஒரு பொத்தான் மட்டும் படுத்தால் மூட்டை மட்டுமே சந்தேகிக்க வேண்டியதில்லை. பொத்தானுக்கு அடியிலுள்ள ரப்பரையும் அது தொடும் பலகையையும் துடைத்துப் பாருங்கள். பட்டையை ஒருமுறை தட்ட இருமுறை பதிவானால், அதன் அடியிலுள்ள சிறு சுவிட்ச் தேய்ந்திருக்கும். அதை மாற்ற வேண்டும். திருகுகளில் சில நட்சத்திரத் தலை கொண்டவை. பொருந்தாத ஸ்குரூ டிரைவரை வைத்துத் தலையைத் தேய்த்துவிட்டால், பிறகு எந்தக் கைவினைஞராலும் எளிதில் திறக்க முடியாது. கருவி அடியோடு உயிரற்றுக் கிடந்தால் பேட்டரி அறையைப் பாருங்கள். ஆல்கலைன் பேட்டரி கசிந்து வெண்மையாகப் படிந்திருந்தால், வினிகர் தோய்த்த பஞ்சால் துடைத்து நன்கு உலர்த்த வேண்டும்.

இன்னொன்று: தட்டியது தாமதமாகப் பதிவாகிறது என்று பிள்ளைகள் கருவியைக் குறை கூறுவதுண்டு. தட்டையான தொலைக்காட்சிகள் படத்தைச் சிறிது தாமதித்தே காட்டுவதால் நேர்வது அது. விளையாட்டின் அமைப்புப் பகுதியிலேயே இதைச் சரிசெய்யும் வசதி உண்டு. கருவியைப் பிரிக்க வேண்டியதில்லை.

பழைய கருவி வாங்கப்போகும் சகோதரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பிளேஸ்டேஷன் 2, 3 ஆகியவற்றுக்கான கம்பியில்லாக் கிட்டார்களுக்கு டாங்கிள் எனும் சிறு ஏற்பி தேவை. கடைக்காரர் கிட்டாரை மட்டும் கொடுத்தால், ஏற்பி எங்கே என்று அங்கேயே கேட்டுவிடுங்கள். அது இல்லாத கருவியை எந்த மாமுவாலும் ஓடவைக்க முடியாது.